வெற்றுத் தோட்டா சொன்ன சேதி

குடும்பப் பத்திரிகையில் துப்பாக்கித் தோட்டாவைப் பற்றி ஒருவன் எழுத வந்திருக்கிறானே என்று புருவத்தை உயர்த்துகிறீர்களா? உயர்த்துங்கள், தவறில்லை. சமையல் குறிப்புக்கும் தொடர்கதைக்கும் நடுவில் இது என்ன வேண்டாத வேலை என்று என் வீட்டுக்காரியும் கேட்டாள். எழுதியதை முழுக்கப் படித்துக் காட்டிய பிறகு, "சரி, அனுப்புங்க" என்றாள். ஆகையால் நீங்களும் கடைசி வரி வரைக்கும் என்னோடு வாருங்கள்.

என் அக்காள் மகன் ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரில் வேலை பார்க்கிறான். தங்கையின் கல்யாணத்துக்காக லீவு போட்டு வந்திருந்தான். கல்யாணப் புடவை என்றால் கிள்ளானிலும் கடை இருக்கிறது, பிரிக்பீல்ட்ஸிலும் இருக்கிறது. இருந்தாலும் மஸ்ஜித் இந்தியாவில் நாலு கடை ஏறி இறங்கினால்தான் அக்காளுக்கு மனம் ஆறும். தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்து வந்த பழக்கம். தீபாவளிக்கு முன்பு பஸ் பிடித்துக் கோலாலம்பூர் வந்து, மஸ்ஜித் இந்தியாவில் துணி எடுத்து, மூட்டையும் முடிச்சுமாய் லயத்துக்குத் திரும்பியவர்கள் உங்களிலும் எத்தனையோ பேர் இருப்பீர்கள்.

பெண்கள் புடவைக் கடைக்குள் நுழைந்தால் எப்போது வெளியே வருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? பையனும் நானும் பெரியப்பாவும் எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் ஆளுக்கொரு தே தாரிக் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். பெரியப்பாவுக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. கையில் தடி. காது கொஞ்சம் மந்தம். கண்ணும் புத்தியும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

பையன் கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். "தாத்தா, நீங்க அந்தக் காலத்துல ரைபிள் பிடிச்சவராச்சே. இதைக் கொஞ்சம் பாருங்க."

படத்தில் சுட்டு முடித்த ஆறு பித்தளைத் தோட்டாக் கூடுகள் வரிசையாய் நின்றன.

விஷயம் இதுதான். பையன் பெர்த்தில் ஒரு துப்பாக்கி சுடும் சங்கத்தில் உறுப்பினன். முறையான உரிமம் வாங்கி ஒரு பழைய ரைபிள் வைத்திருக்கிறான். அது லீ என்ஃபீல்டு என்னும் 303 ரைபிள். ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலையில் 1942-இல் செய்தது. அதற்கான தோட்டாவைக் கடையில் வாங்கினால் செலவு அதிகமாம். ஆகவே அந்த ஊர்ச் சங்கத்தார் பலரைப் போல இவனும் வீட்டிலேயே தோட்டா கட்டுகிறான். ஒருமுறை சுட்ட பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, அச்சில் கொடுத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியிலிருக்கும் செத்த கேப்பைத் தள்ளிவிட்டுப் புதுக் கேப்பு வைத்து, மருந்தைத் தராசில் நிறுத்துப் போட்டு, வாயில் புதிய குண்டை அழுத்தி உட்கார வைப்பது. இவ்வளவுதான் வேலை. கேட்பதற்கு இட்லி ஊற்றுவது போல இருக்கிறது, இல்லையா?

இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். தோட்டா செய்வதும் குற்றம். ஆகவே இதைப் படித்துவிட்டு எந்த வீட்டுப் பிள்ளையும் கையைக் காலை நீட்ட வேண்டாம். வெளிநாட்டில் உரிமத்தோடு செய்கிற பிள்ளைகளுக்கு மட்டுமே இது செய்முறை. மற்ற எல்லாருக்கும் இது புத்திமதி.

பையனின் புகார் இது. "ஜூலையில் சுட்டபோது எல்லாம் நன்றாக இருந்தது தாத்தா. அதே அளவு மருந்துதான். ஜனவரியில் சுட்டால், சுட்ட பிறகு போல்ட்டைத் தூக்க முடியவில்லை. உள்ளங்கையால் தட்டித் தூக்க வேண்டியிருக்கிறது. கேப்பும் தட்டையாய் அமுங்கிவிட்டது பாருங்கள்."

பெரியப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். படத்தை விரலால் பெரிதாக்கச் சொன்னார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "எத்தனை சுட்டே?" என்றார்.

"இருபது கட்டினேன். ஆறு சுட்டேன்."

"ஆறாவதை ஏண்டா சுட்டே?"

பையன் விழித்தான். எனக்கும் முதலில் விளங்கவில்லை.

பெரியப்பா யாரென்று சொல்கிறேன். 1948 ஜூன் மாதம் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்கள் கொல்லப்பட்டதும் நாட்டில் அவசரகாலம் பிரகடனமானது. அது 1960 ஜூலை 31-ஆம் தேதி வரை நீடித்தது. தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள் என்ற காவலர்களை ஆயிரக்கணக்கில் சேர்த்தார்கள். எஸ்.சி. என்று நம்மவர்கள் சொல்வார்கள். பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். தமிழர்களும் சிலர் இருந்தார்கள். கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பெரியப்பாவும் எஸ்.சி. ஆனார். லயங்களைச் சுற்றி முள்வேலி, இரவில் ஊரடங்கு, வேலைக்காட்டுக்குப் போகிறவர்களிடம் சோற்றுப் பொட்டலம் இருக்கிறதா என்று சோதனை. இதையெல்லாம் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கதையாய்ச் சொல்லியிருப்பார்கள். அந்த நாளில் பெரியப்பா தோளில் தொங்கியதும் 303 ரைபிள்தான். சில மாதங்கள் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் சார்ஜெண்டுக்கு எடுபிடியாகவும் இருந்தார். அந்த மனிதர் சொல்லிக் கொடுத்ததை அவர் மறக்கவே இல்லை.

அவர் கேட்ட கேள்விக்குப் பொருள் விளங்க வேண்டுமென்றால் தோட்டாவுக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நம் வீட்டு பிரஷர் குக்கரில் விசில் வரும்போது உள்ளே இருக்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு. கார் டயரில் 30 பவுண்டு. 303 தோட்டா வெடிக்கும்போது அதன் அறைக்குள் எழும்பும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 49,000 பவுண்டு வரை போகலாம். ஒரு தபால் தலை அளவு இடத்தின் மேல் ஐந்து யானைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் நிறுத்தினால் எப்படி இருக்கும்? அப்படி. அதுவும் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில். சுடுகிறவன் வலக்கண்ணுக்கும் அந்த யானைகளுக்கும் இடையே இருப்பது ஒரு பித்தளைக் கூடும் ஓர் இரும்பு போல்ட்டும்தான்.

அந்த அழுத்தத்தில் பித்தளை விரிந்து அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொள்வதால்தான் புகை பின்பக்கம் வராமல் அடைபடுகிறது. அழுத்தம் தணிந்ததும் பித்தளை சற்றே சுருங்குகிறது. போல்ட் இலகுவாய்த் திறக்கிறது. அழுத்தம் மிஞ்சினால் பித்தளை சுருங்க மறுக்கிறது. போல்ட் இறுகுகிறது. அடியில் இருக்கும் கேப்பு, வட்டமான ஓரம் போய்த் தட்டையாகிறது. இன்னும் மிஞ்சினால் ஊசி குத்திய பள்ளத்தைச் சுற்றிக் கரை கட்டுகிறது. அதற்கும் மேலே போனால் கேப்பு ஓட்டை விழும், அல்லது கேப்பு உட்காரும் குழி அகன்று, அடுத்த முறை புதுக் கேப்பு பிடிப்பில்லாமல் தொளதொளக்கும். வெற்றுத் தோட்டா இப்படி ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டே வருகிறது. அதைப் படிக்கத் தெரிய வேண்டும்.

படிப்பதிலும் தப்பு நேரலாம். கேப்பு வெளியே துருத்திக்கொண்டு நின்றால் அழுத்தம் அதிகம் என்று நினைப்போம். பெரும்பாலும் விஷயம் வேறு. அழுத்தம் குறைவு, அதோடு தோட்டாவின் விளிம்புக்கும் போல்ட்டுக்கும் நடுவே இடைவெளி அதிகம் என்பதற்கு அது அடையாளம். தோட்டாவின் கழுத்தில் கரி படிந்திருந்தாலும் அழுத்தம் போதாமல் கழுத்து சரியாய் ஒட்டவில்லை என்று கொள்ளலாம். பழைய ரைபிளில் ஊசி வரும் துவாரம் தேய்ந்து அகன்றிருந்தால், மருந்து சரியாய் இருந்தாலும் பள்ளத்தைச் சுற்றிக் கரை கட்டும். ஆகவே ஓர் அடையாளத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒரு தும்மலை வைத்துக் காய்ச்சல் என்று சொல்லிவிட முடியுமா?

பெரியப்பா விசாரணையைத் தொடங்கினார். நம் தோட்டத்து டிரெஸ்ஸர் நாடி பிடித்துக் கேட்பாரே, அந்த மாதிரி.

"ஜூலையில அங்க குளிரா?"

"ஆமா தாத்தா. ஜனவரியில நல்ல வெயில். அன்னிக்கு நாற்பது டிகிரி."

"தோட்டா எங்க இருந்துச்சு?"

"மேசை மேல. பெட்டியைத் திறந்து வெச்சிருந்தேன்."

"வெயில்லயா?"

பையன் தலையாட்டினான். பெரியப்பா என் பக்கம் திரும்பி, அவர் காலத்துத் தோட்டாவுக்குள் இருந்த கார்டைட் மருந்தைப் பற்றிச் சொன்னார். பார்ப்பதற்குச் சேமியாக் கட்டு போலக் குச்சி குச்சியாய் இருக்குமாம். 1889-இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்த மருந்து அது. தமிழ்நாட்டில் நீலகிரி மலையில், அருவங்காடு என்ற ஊரில் அதைச் செய்ய 1903-இல் ஒரு தொழிற்சாலையே வைத்தார்கள். கார்டைட் சூடேறினால் அழுத்தமும் ஏறும். காவல் கோபுரத்தின் தகரக் கூரையடியில் தோட்டாவை வைத்துவிட்டுத் தூங்கியவனை சார்ஜெண்ட் எழுப்பி உதைத்தாராம். இன்றைய மருந்துகள் எவ்வளவோ மேல். ஆனாலும் வெயில் வெயில்தான்.

"சரி. மருந்து பழைய டின்னா, புது டின்னா?"

"புது டின். ஆனா அதே பேர், அதே கம்பெனி."

"அதே கடையில அதே அரிசிதான் வாங்கறோம். ஒரு மூட்டை குழையுது, ஒரு மூட்டை விறைக்குது. தண்ணி ஒரே அளவா வெப்பாங்க?"

பையன் சிரித்தான். பெரியப்பா சிரிக்கவில்லை.

"கூடு எத்தனை தடவை சுட்டது?"

"இது அஞ்சாவது தடவை."

"நீளம் அளந்தியா?"

பையன் பதில் சொல்லவில்லை. பித்தளை ஒவ்வொரு முறை சுடும்போதும் அச்சில் கொடுக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாய் நீள்கிறது. 303 கூட்டின் நீளம் 2.222 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் அதன் வாய் அறையின் முனையில் முட்டிக்கொண்டு, குண்டை விடாமல் கவ்விக்கொள்ளும். குண்டு வெளியேற முடியாத அந்தக் கண நேரத்தில் அழுத்தம் எங்கேயோ போய்விடும். மருந்து ஒரு குன்றிமணி கூடக் கூடாமலே இது நடக்கும்.

"கடைசியா ஒண்ணு. முதல் நாள் ரைபிளுக்கு எண்ணெய் போட்டியா?"

"போட்டேன் தாத்தா."

"அறையைத் துடைச்சியா?"

"இல்ல."

இதிலும் பெரியப்பாவுக்கு ஒரு கதை இருந்தது. மழைக்காலத்தில் தோட்டா பச்சைக் களிம்பு பிடிக்கிறதென்று ஒருவன் ஸ்டோரிலிருந்து இயந்திர எண்ணெய் வாங்கி எல்லாத் தோட்டாவுக்கும் தடவி வைத்தானாம். சுட்டபோது போல்ட் இறுகிப் போய்க் கட்டையால் தட்டித் திறந்தார்கள். எண்ணெயோ மழைத் தண்ணீரோ இருந்தால் பித்தளை அறைச் சுவரைப் பிடிக்க முடியாமல் வழுக்கும். முழு உதையும் போல்ட்டின் மேல் விழும்.

ஆக, வெயில் ஒன்று, புது டின் ஒன்று, நீண்ட கூடு ஒன்று, எண்ணெய் ஒன்று. நாலு பேர் மேல் சந்தேகம். "நாலு பேரையும் ஒரே நாள்ல மாத்தினா, எவன் திருடன்னு எப்பவும் தெரியாது. ஒவ்வொருத்தனா விசாரி" என்றார் பெரியப்பா.

பையன் விடவில்லை. படித்தவன் அல்லவா? "ஆனா தாத்தா, புத்தகத்துல ஒரு அடையாளம் முக்கியமா சொல்லியிருக்கு. அழுத்தம் மிஞ்சினா தோட்டாவோட அடித்தட்டுல, எஜெக்டர் ஓட்டையோட வட்டம் பதியுமாம். என் தோட்டாவுல அது இல்லையே. அப்ப ரொம்ப மோசமில்லைன்னுதானே அர்த்தம்?"

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டம் பதிவது இன்றைய ரைபிள்கள் பலவற்றில்தான். அவற்றின் போல்ட் முகத்தில் வில் வைத்த குச்சி ஒன்று இருக்கும். லீ என்ஃபீல்டின் போல்ட் முகத்தில் அந்தக் குச்சியே கிடையாது. இல்லாத குச்சி எப்படி வட்டம் போடும்? ஐம்பது வருஷம் காத்திருந்தாலும் அந்த ரைபிளில் அந்த அடையாளம் வராது.

மற்ற அடையாளங்களும் பழைய ரைபிளில் தாமதமாகவே வருகின்றன. இன்றைய கேப்பும் பித்தளையும் உறுதியானவை. இன்றைய .308 போன்ற தோட்டாக்கள் 62,000 பவுண்டு வரை தாங்குபவை. அந்த அளவை நெருங்கும் வரைக்கும் கேப்பு பெரிதாய் முகம் சுளிக்காமலே இருக்கலாம். ஆனால் 49,000-க்காகப் பிறந்த கிழட்டு ரைபிள் அதற்குள் தன் எல்லையைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும். பித்தளை வாய் திறக்கும்போது இரும்பு ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கும். ஆகவே பழைய துப்பாக்கியில் அடையாளம் தெரிந்தால் ஆபத்து என்பது பாதி உண்மைதான். அடையாளம் தெரியவில்லை என்பதை வைத்துப் பத்திரம் என்று சொல்ல முடியாது என்பது மறுபாதி.

பெரியப்பா இவ்வளவு விளக்கமாய்ச் சொல்லவில்லை. தடியை எடுத்துத் தெருவைக் காட்டினார்.

"இந்தத் தெருவுல தரை உள்வாங்குச்சே, அதுக்கு முதல் நாள் என்ன அடையாளம்டா தெரிஞ்சது உனக்கு?"

நாங்கள் மூவரும் பேசாமல் இருந்தோம். 2024 ஆகஸ்டு 23-ஆம் தேதி காலையில், அதே மஸ்ஜித் இந்தியா சாலையில், இந்தியாவிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த ஒரு பெண்மணி நடந்து போகையில் நடைபாதை திடீரென்று எட்டு மீட்டர் ஆழத்துக்கு உள்வாங்கி அவரை விழுங்கியது. ஒன்பது நாள் தேடியும் கிடைக்கவில்லை என்று தேடலை நிறுத்தினார்கள். அதற்கு முதல் நாளும் ஆயிரம் பேர் அந்தக் கல்லை மிதித்துத்தான் போனார்கள். மேலே கல் ஒழுங்காய் இருந்தது. கீழே மண் கரைந்திருந்தது.

பிறகு பெரியப்பா, நான் இத்தனை வருஷத்தில் கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

அவரோடு எஸ்.சி.யாய் இருந்தவர் ஒருவர். அதே லயத்துக்காரர். பெயர் வேண்டாம், அவர் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவருக்குக் கொடுத்த ரைபிள் தேய்ந்துபோனது. போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் இடையே இடைவெளி கூடியிருந்தது. லீ என்ஃபீல்டு வகையில் போல்ட்டைத் தாங்கும் பற்கள் பின்பக்கத்தில் இருக்கின்றன. அறையும் சேற்றுத் தோட்டா கூட நுழையட்டும் என்று சற்றுத் தாராளமாய்க் குடைந்தது. அதனால் கூடு எப்போதுமே கொஞ்சம் இழுபடும். இடைவெளி கூடினால் அதிகமாய் இழுபடும். இழுபட்ட இடம் அடித்தட்டுக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையமாய்த் தெரியும். அந்த வளையம்தான் கடைசி எச்சரிக்கை.

ஒரு பயிற்சி நாளில் அவர் சுட்ட கூடுகளில் வளையம் இருந்தது. ஒன்றில் தலைமுடி கனத்துக்கு வெடிப்பும் இருந்தது. பெரியப்பாவிடம் காட்டினார். "சார்ஜெண்டுகிட்ட சொல்லு" என்றார் பெரியப்பா. "சொன்னால் நான்தான் கெடுத்தேன் என்று சம்பளத்தில் பிடிப்பார்கள்" என்று அவர் பயந்தார். வீட்டில் அப்போது கைக்குழந்தை. கூடுகளைச் சத்தமில்லாமல் வாளியில் போட்டுவிட்டார்.

அடுத்த பயிற்சியில் கூடு இரண்டாய் அறுந்தது. அடித்தட்டு போல்ட்டோடு வந்தது, உடம்பு அறைக்குள்ளேயே தங்கியது. பின்னால் பீறிட்ட புகையும் பித்தளைத் துணுக்கும் அவருடைய வலக்கண்ணைக் கொண்டுபோயின. பிறகு அவர் காவல் வேலையை விட்டு, ஒற்றைக் கண்ணோடு பால்மரம் சீவிப் பிள்ளைகளை வளர்த்தார். இருட்டில் கத்தி வைக்கும்போது ஆழம் தெரியாமல் மரத்தைக் காயப்படுத்திவிட்டுக் கங்காணியிடம் ஏச்சு வாங்குவாராம்.

"அவன் பயந்தான். நான் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லலே" என்றார் பெரியப்பா. தே தாரிக் ஆறிப்போயிருந்தது. "அதனாலதான் கேட்டேன், ஆறாவதை ஏன் சுட்டேன்னு. முதல் தோட்டாவுல போல்ட் இறுகினப்பவே அது சொல்லிடுச்சு. நீ ஆறு தடவை சொல்ல வெச்சே."

பையன் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தான்.

ஊர் திரும்பிய பிறகு அவன் செய்ததையும் சொல்லிவிடுகிறேன், உரிமத்தோடு செய்கிற பிள்ளைகளுக்கு உதவும். மீதியிருந்த பதினாலு தோட்டாவையும் சுடாமல் பிரித்து, மருந்தை அப்புறப்படுத்தினான். ரைபிளைத் துப்பாக்கிப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து இடைவெளியை அளக்கச் சொன்னான். மெல்லிய கம்பியின் நுனியைக் கொக்கியாய் வளைத்துக் கூட்டுக்குள் விட்டு, அடிப்பக்கச் சுவரில் மெதுவாய் இழுத்துப் பார்த்தான். இரண்டு கூட்டில் கம்பி ஒரு பள்ளத்தில் தட்டி நின்றது. வெளியே வளையம் தெரியுமுன்பே உள்ளே அறுந்துகொண்டிருக்கும் கூடு அது. எல்லாவற்றையும் நீளம் அளந்தான். ஆறில் நான்கு, அளவுக்கு மேல் வளர்ந்திருந்தன. அந்தத் தொகுதியையே நசுக்கித் தூக்கிப் போட்டான்.

புதிய கூடு வாங்கி, அறையைத் துடைத்து, தோட்டாவை நிழலில் வைத்து, புது டின்னுக்குப் புதுக் கணக்காய், புத்தகம் சொல்லும் தொடக்க அளவிலிருந்து ஆரம்பித்தான். அதுவும் பழைய 303-க்கென்று அச்சிட்ட கணக்கு. சங்கத்திலிருந்த வேகமானியை முன்னால் வைத்துக் குண்டின் வேகத்தை அளந்தான். புத்தகம் சொல்லும் வேகத்துக்கு மேல் குண்டு போனால், கேப்பு எவ்வளவு அழகாய் இருந்தாலும் அழுத்தம் கூடிவிட்டது என்றுதான் பொருள். வேகம் பொய் சொல்லாது. இப்போது கூட்டின் கழுத்தை மட்டும் அச்சில் கொடுக்கிறானாம். உடம்பு அந்த அறையின் அளவிலேயே இருப்பதால் இழுபடுவது குறைகிறது. போல்ட் ஒரு விரலால் திறக்கிறது என்று தாத்தாவுக்குச் சேதி அனுப்பினான். பெரியப்பா கேட்டுவிட்டு, "ம்" என்றார். அவருக்கு அது பெரிய பாராட்டு.

வாசகர்களே, நம் தோட்டங்களில் மறுநடவுக்கு மண்ணைப் புரட்டும்போதோ, பழைய லயத்தை இடிக்கும்போதோ, பச்சை பிடித்த பழைய தோட்டா ஏதாவது கண்ணில் பட்டால், அதைத் தொடாதீர்கள், தட்டாதீர்கள், விளையாட்டாய் அடுப்பில் போடாதீர்கள். இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு போலீசுக்குச் சொல்லுங்கள். எத்தனை வருஷமானாலும் உள்ளே மருந்து உயிரோடு இருக்கலாம்.

தோட்டாவோடு நமக்கு வேறு சம்பந்தம் ஒன்றும் இல்லைதான். ஆனால் அழுத்தத்தோடு சம்பந்தம் இல்லாத வீடு எது? பத்து வருஷக் குக்கரில் விசில் வராமல் ஓரத்தில் ஆவி கசிகிறது, ரப்பர் வளையத்தை மாற்றாமல் துணியைச் சுற்றி மூடுகிறோம். படியேறினால் மூச்சு வாங்குகிறது, மயக்கம் வரவில்லையே என்று பிரஷர் மாத்திரையை நிறுத்துகிறோம். மயக்கம் வராதது நல்ல உடம்புக்கு அத்தாட்சி ஆகுமா? அளந்து பார்த்தால்தானே தெரியும்?

அன்று புடவைப் பைகளோடு அக்காள் கடையை விட்டு வெளியே வந்தாள். நாங்கள் கிளம்பினோம். தெருவில் கூட்டம் நெரிந்தது. பெரியப்பா தடியால் முன்னே ஒரு தட்டுத் தட்டி, பிறகே காலை வைத்து நடந்தார். வயதானவர்கள் எல்லாரும் அப்படித்தான் நடப்பார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.